ஷாக்கில் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் கோடை விடுமுறைப் பக்கத்தில் ரிமோட் கார் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரை பயனுள்ளது. பேட்டரியைப் பாதிச் சார்ஜில் எடுத்துவைக்கச் சொன்னதும், கியருக்குள் மண் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் சரியான யோசனைகள். ஆனால் நடுவில் ஒரு வரி: ஷாக் அப்சார்பரில் ஆயில் குறைந்தால் மூடியைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெயை விளிம்பு வரை ஊற்றி இறுக மூடிவிட வேண்டுமாம். அந்த ஒரே வரியில் இரண்டு தப்பு. எண்ணெயும் தப்பு, ஊற்றும் முறையும் தப்பு. பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கிவிட்டது. படித்தவர்கள் அதை அப்படியே செய்து பார்ப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆயில் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

முதலில், வண்டியில் இருப்பது ஆயில் ஷாக்தானா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த பொம்மை வண்டிகளில் ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஸ்பிரிங்கும்தான் இருக்கும்; உள்ளே ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கே கிடையாது. அதில் எதை ஊற்றினாலும் ஐந்து நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். பொம்மைகள்தான் இப்படி என்றில்லை. ஜப்பானிய நிறுவனமான டமியாவின் டிடி-02 போன்ற, நாமே பூட்டிக்கொள்ளும் நல்ல கிட்டிலும் அடிப்படை மாடலில் வருவது ஆயில் இல்லாத உராய்வு ஷாக்தான். அதற்கு லேசாக கிரீஸ் போதும். 1984இல் அந்த நிறுவனம் வெளியிட்ட கிராஸ்ஹாப்பரையும் ஹார்னெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: முதல் வண்டியில் வெறும் ஸ்பிரிங், அடுத்ததில் பின்சக்கரங்களுக்கு ஆயில் டேம்பர், அதாவது ஆயில் ஷாக். சந்தேகம் இருந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக்குக்குள் போய்வரும் கம்பியான ராடை இழுத்துத் தள்ளிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போய், வேகமாகத் தள்ளும்போது எதிர்த்து நின்றால் அது ஆயில் ஷாக். எப்படித் தள்ளினாலும் ஒரே உரசல் என்றால் உராய்வு ஷாக்.

இனி எண்ணெய். ஹாபி கடைகளில் ஷாக் ஆயில் என்று விற்பது சிலிக்கோன் ஆயில். அதன் குழைமம், அதாவது கெட்டித்தன்மை, இரண்டு விதமாகக் குறிக்கப்படுகிறது. அமெரிக்க நிறுவனங்கள் வெயிட் என்ற எண்ணைப் போடும். மற்றவை சென்டிஸ்டோக் அளவைப் போடும். டீம் அசோசியேட்டட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணக்கில் 20 வெயிட் என்பது 200 சென்டிஸ்டோக், 30 என்பது 350, 35 என்பது 425, 40 என்பது 500, 50 என்பது 650. வேறு நிறுவனத்தின் 30 வெயிட் இதிலிருந்து சற்று முன்பின் இருக்கும். எனவே நிறுவனம் மாற்றும்போது வெயிட் எண்ணை நம்பாமல் சென்டிஸ்டோக் எண்ணைப் பாருங்கள். டமியா குப்பிகளில் 200, 300, 400 என்று தொடங்கி 900, 1000 வரை எண்கள் இருக்கும். அந்த 400ஐ 40 வெயிட் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது 30க்கும் 35க்கும் நடுவில் வரும் ஆயில்.

தையல் மெஷின் எண்ணெயின் குழைமம் பொதுவாக 10 முதல் 20 சென்டிஸ்டோக்குக்குள். டிராக்சாஸ் ஸ்லாஷ் போன்ற வண்டிகள் வரும்போதே 30 வெயிட் சிலிக்கோன் ஆயிலோடு வருகின்றன. அந்த இடத்தில் இதை ஊற்றினால் ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். வண்டி ஸ்பிரிங்கின் மேல் குதித்துக்கொண்டே போகும். அடுத்து, அது கனிம எண்ணெய். பல ஷாக்குகளில் சிலிக்கோன் ரப்பர் ஓ-ரிங் இருக்கும். கனிம எண்ணெய் பட்டால் அது உப்பும். உப்பிய ஓ-ரிங் ராடைக் கவ்விக்கொள்ளும். அழுத்திய ஷாக் பாதியிலேயே நின்று திரும்ப வராமல் போவது இதனால்தான். ஆயில் ஒழுகாமல் நிற்பதைப் பார்த்து, தையல் எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது என்று ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

வீட்டில் கிடைக்கும் மற்றவையும் ஆகாது. பைக்கின் என்ஜின் ஆயிலில் எஸ்.ஏ.ஈ. 30 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 30 வெயிட்தானே என்று ஊற்றுபவர்கள் உண்டு. என்ஜின் ஆயிலின் அந்த எண் 100 டிகிரி வெப்பத்தில் அளந்து வைத்தது. 40 டிகிரியில் எஸ்.ஏ.ஈ. 30 என்ஜின் ஆயில் சுமார் 100 சென்டிஸ்டோக் இருக்கும். அதே வெப்பத்தில் 30 வெயிட் ஷாக் ஆயில் அதைப்போல இரண்டரை மடங்கு கெட்டி. பைக் ஃபோர்க் ஆயில் கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் அதுவும் சிலிக்கோன் ஓ-ரிங்குக்கு ஆகாது. வெயிலில் சட்டென்று இளகியும் போகும். பிரேக் ஃபுளூயிட் எல்லாவற்றையும்விட மோசம்: நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்கை உப்ப வைப்பதோடு, சிந்தினால் பாடியில் அடித்த பெயின்ட்டையும் உரிக்கும். தேங்காய் எண்ணெயைப் பற்றி என்ன சொல்ல! 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால் ஷாக்குக்குள் மெழுகுதான் இருக்கும்.

சிலிக்கோன் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே வெப்பம். மற்ற எண்ணெய்களைவிட இது வெயிலுக்குக் குறைவாகவே இளகும். ஆனால் இளகவே இளகாது என்பதில்லை. குப்பியில் போட்டிருக்கும் எண் 25 டிகிரிக்கானது. 40 டிகிரி ஆகும்போது குழைமத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும்: 350 என்று வாங்கியது 260 அளவுக்கு இறங்கும். சித்திரை வெயிலில் தார்த்தரையிலோ சிமென்ட் மைதானத்திலோ ஓட்டினால் வெப்பம் இன்னும் கூடும். மலைப்பகுதியில் டிசம்பரில் சரியாக ஓடிய 30 வெயிட், மே மாதம் சமவெளியில் துள்ளுவதில் ஆச்சரியமில்லை. கோடைக்கு ஐந்து வெயிட் கூட்டிப் போட்டால் கணக்கு ஏறத்தாழ நேராகும். இடைப்பட்ட எண் கிடைக்காவிட்டால் ஒரே நிறுவனத்தின் 30ஐயும் 40ஐயும் சம அளவு கலந்தால் 35க்கு மிக அருகில் வரும். சக்கரங்களுக்கு இடையிலுள்ள டிஃபரன்ஷியல் கியருக்கு ஊற்றும் ஆயிலும் சிலிக்கோன்தான், ஒரே மாதிரிக் குப்பியில்தான் வரும். அதன் எண் ஆயிரங்களிலிருந்து லட்சம் வரை போகும். 5000 என்ற குப்பியை எடுத்து ஷாக்கில் ஊற்றினால் ராடு அசையவே அசையாது.

இப்போது இரண்டாவது தப்புக்கு வருகிறேன். விளிம்பு வரை ஊற்றி இறுக மூடு என்பது கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ராடு உள்ளே போகும்போது அதற்கும் இடம் வேண்டும் அல்லவா? 3 மி.மீ. தடிமன் உள்ள ராடு 25 மி.மீ. உள்ளே இறங்கினால் சுமார் 0.18 மி.லி. இடத்தை அடைக்கும். மூன்று நாலு சொட்டுதான். ஆனால் ஆயில் அமுங்காது. அந்த மூன்று சொட்டு போக இடமில்லை என்றால் ராடு பாதியிலேயே நின்றுவிடும். வண்டி ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது அந்த முழு அடியும் மூடியின் மரையிலோ, ராடின் வெளிநுனியில் முறுக்கியிருக்கும் பால் எண்டிலோ, ஷாக்கைத் தாங்கும் ஷாக் டவரிலோதான் விழும். பிளாஸ்டிக் மூடி தெறித்து ஆயில் பீய்ச்சியடிப்பதைப் பார்த்துவிட்டு மூடி மட்டமான சரக்கு என்று சொல்வார்கள். மூடியின் மேல் பழி போட்டுப் பயனில்லை. உள்ளே ராடுக்கு இடம் விடவில்லை.

அந்த இடத்தை உண்டாக்க இரண்டு வழிகள் நடைமுறையில் உண்டு. ஒன்று, மூடிக்கு அடியில் ரப்பர் டயாஃப்ரம் வைப்பது. ஆயில் மேலே தள்ளும்போது டயாஃப்ரம் மடங்கி இடம் கொடுக்கும். காற்று அதற்கு மேலே தனியாக இருக்கும், ஆயிலோடு கலக்காது. டமியாவின் சி.வி.ஏ. ஷாக் இந்த வகை. மற்றது எமல்ஷன் வகை. இதில் டயாஃப்ரம் கிடையாது. கொஞ்சம் காற்றை வேண்டுமென்றே ஆயிலோடு விட்டுவைப்பார்கள். மூடியின் நெற்றியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தால் அது காற்று வெளியேற்றும் துளை. எமல்ஷன் ஷாக்குகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். உங்கள் ஷாக் எந்த வகை என்று மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிடும். கழற்றும்போது டயாஃப்ரம் மூடியோடு ஒட்டிக்கொண்டு வரும், குப்பையோடு போட்டுவிடாதீர்கள்.

ஆயில் மாற்றுவதற்குமுன் உள்ளுறுப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. ராடின் உள்நுனியில் பிஸ்டன், அதாவது ஆயில் போக ஓட்டை போட்ட சின்ன வட்டு. அதை மேலும் கீழும் இரண்டு ஈ-கிளிப் பிடித்திருக்கும். இந்தக் கிளிப்பைக் கழற்றும்போது பறந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஒரு பாலித்தீன் பைக்குள் கையை விட்டுக் கழற்றினால் தேடும் வேலை மிச்சம். பிஸ்டன் வார்ப்பு பிளாஸ்டிக் என்றால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை 1000 நம்பர் உப்புத்தாளில், ஈரமாக்கி, தட்டையான இடத்தில் வைத்து இரண்டு மூன்று தேய்ப்புத் தேய்த்தால் போதும். அதிகம் தேய்த்தால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி கூடி ஆயில் ஓட்டை வழியாகப் போகாமல் ஓரமாகப் போய்விடும். ராடை ஒரு கண்ணாடித்துண்டின் மேல் உருட்டுங்கள். நுனி ஏறி இறங்கினால் வளைந்திருக்கிறது. நகத்தை ராடின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள்; எங்காவது நகம் தட்டினால் கீறல். வளைந்த ராடை நிமிர்த்தியும், கீறல் விழுந்த ராடைப் பாலிஷ் போட்டும் காலம் தள்ளப் பார்ப்பது வீண்வேலை. புது ராடு வாங்குங்கள்.

கீழ்ப்பக்க ஓ-ரிங்கில்தான் பெரும்பாலான ஒழுகல் தொடங்குகிறது. வழக்கமாக இரண்டு ஓ-ரிங், நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர், கீழே ஒரு மூடி. ராடின் வெளிநுனியில் மரை இருக்கிறது அல்லவா, அதன் கூர்மையான விளிம்பு உள்ளே நுழையும்போதே ஓ-ரிங்கின் உட்பக்கத்தைச் சீவிவிடும். புது ஓ-ரிங் போட்ட அன்றே ஒழுகுகிறது என்றால் அநேகமாக இதுதான் காரணம். மரையின் மேல் இரண்டு சொட்டு ஷாக் ஆயில் விட்டு, ராடை மெல்லச் சுழற்றிக்கொண்டே நுழைக்க வேண்டும். மரையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. ஓ-ரிங்குகளுக்கு இடையே சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். பால் எண்டை ராடில் முறுக்கும்போது ராடைக் கட்டிங் பிளேயரால் நேரடியாகப் பிடிக்கவே கூடாது. பல் பட்ட இடம் ஒவ்வொரு அசைவிலும் ஓ-ரிங்கை அரத்தால் அராவுவது போல் அராவும். பிடித்தே ஆக வேண்டும் என்றால் பழைய சைக்கிள் ட்யூப் துண்டை மடித்து நடுவில் வையுங்கள்.

ஊற்றும் முறை இதுதான். 12 மி.மீ. உள்விட்டமும் 45 மி.மீ. உயரமும் உள்ள ஒரு ஷாக்குக்கு ஏறத்தாழ 5 மி.லி. பிடிக்கும், நாலுக்கும் சேர்த்து 20 மி.லி. ஆயிலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், நடுவில் தீர்ந்தால் வேறு ஆயில் கலக்கத் தோன்றும். குப்பியைக் குலுக்க வேண்டாம். இருமல் மருந்தைக் குலுக்கும் பழக்கத்தில் பலரும் குலுக்கிவிடுகிறார்கள், அதில் ஏறும் குமிழ் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். ஷாக்கை நேராக நிறுத்தி, ராடை முழுக்கக் கீழே இழுத்துவிட்டு, உட்சுவரை ஒட்டி ஆயில் வழியும்படி முக்கால் அளவு ஊற்றுங்கள். நடுவில் விட்டால் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது ராடை மெதுவாக, மிக மெதுவாக, மேலே தள்ளிக் கீழே இழுங்கள். பிஸ்டனின் ஓட்டை வழியாகக் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வருவது கண்ணுக்குத் தெரியும். பிஸ்டனுக்குக் கீழே, ஓ-ரிங் மூலையில்தான் காற்று ஒளிந்திருக்கும். மேலே தள்ளும்போது பிஸ்டன் ஆயில் மட்டத்தைத் தாண்டி வெளியே தலைகாட்டக் கூடாது. தாண்டினால் புதிதாகக் காற்றை அள்ளிக்கொண்டு போகும், செய்த வேலை பாழ். ஏழெட்டு முறை இப்படிச் செய்தபின் ராடைக் கீழே இழுத்துவிட்டு ஒரு டம்ளரில் நேராகச் சாய்த்து வையுங்கள். 30 வெயிட்டுக்குப் பத்து நிமிடம். 60 வெயிட் போன்ற கெட்டி ஆயிலுக்கு அரைமணி கூட ஆகலாம். மேலே மிதக்கும் கடைசிக் குமிழை ஒரு டூத்பிக் நுனியால் தொட்டால் உடைந்துவிடும். நாலையும் வரிசையாக ஊற்றி வைத்துவிட்டால் நாலாவதை முடிக்கும்போது முதலாவது தயாராகிவிடும்.

டயாஃப்ரம் வகைக்கு: ஆயிலை விளிம்பில் குவிந்து நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். டயாஃப்ரத்தை ஒரு ஓரமாகச் சாய்த்து வைத்து, காற்று மறுபக்கம் போகும்படி மெல்லப் படிய விடுங்கள். மிஞ்சியது வழியும், டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடலாம். மூடியை இரண்டு சுற்று மட்டும் திருகி, ராடை மெதுவாக மேலே தள்ளுங்கள். மூடியின் ஓரமாக ஆயில் கசியும். எவ்வளவு தள்ளிய நிலையில் மூடியை இறுக்குகிறீர்களோ, அதுதான் ராடு எவ்வளவு திரும்பி வரும் என்பதைத் தீர்மானிக்கும். முழுக்கத் தள்ளி இறுக்கினால் திரும்புவதே இருக்காது. பாதியில் இறுக்கினால் ஓரளவு திரும்பும். தள்ளாமலேயே இறுக்கினால் தங்கள் கட்டுரை சொன்ன நிலைதான்: ஷாக் முட்டிக்கொள்ளும். எமல்ஷன் வகைக்கு மூடியை முழுக்க இறுக்கிவிட்டு, நெற்றி ஸ்க்ரூவைக் கழற்றி, துளையை டிஷ்யூவால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ராடை முழுதும் உள்ளே தள்ளி, அதே நிலையில் ஸ்க்ரூவை மாட்டினால் வேலை முடிந்தது. எந்த வகையானாலும் மூடியைக் கையால்தான் இறுக்க வேண்டும்.

மாட்டுவதற்குமுன் காதருகே வைத்து ராடை வேகமாக நாலு தரம் தள்ளி இழுங்கள். டயாஃப்ரம் ஷாக்கில் சலக் சலக்கென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். எமல்ஷன் ஷாக்கில் அந்தச் சத்தம் இயல்பு. அதைவிட முக்கியமான சோதனை, இடது வலது இரண்டையும் ஜோடியாகப் பார்ப்பது. இரண்டின் பால் எண்டையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, இரு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒன்று முன்னதாக உள்ளே போனால் இரண்டும் சமமில்லை. முழுக்க அழுத்தி விட்டுவிட்டால் இரண்டும் ஒரே அளவு, ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். திரும்பும் அளவு கால் பங்கா, பாதியா என்பது ஓட்டுபவர் விருப்பம். ஆனால் முன்பக்கம் இரண்டும் ஒன்று போலவும் பின்பக்கம் இரண்டும் ஒன்று போலவும் இல்லாவிட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்கைப் போட்டாலும் வண்டி ஒரு பக்கத் திருப்பத்தில் ஒழுங்காகவும் மறுபக்கத்தில் ஏறுமாறாகவும்தான் போகும். ராடை முழுக்க இழுத்த நிலையில் மொத்த நீளத்தையும் வெர்னியரில் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பால் எண்டை அரைச்சுற்றுத் திருப்பிச் சரிசெய்யலாம்.

பிஸ்டன் ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சி.வி.ஏ. கிட்டில் ஓர் ஓட்டை, இரண்டு, மூன்று என்று பிஸ்டன்கள் வரும்; வேறு நிறுவனங்களில் 1.6 மி.மீ. இரண்டு, 1.3 மி.மீ. மூன்று என்று அளவு போட்டுக் கிடைக்கும். இந்த இரண்டையும் எடுத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு இரண்டிலும் ஏறக்குறைய 4 சதுர மி.மீ.தான். ஆனாலும் மூன்று சின்ன ஓட்டை உள்ளதுதான் கடினம், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குறுகிய ஓட்டையில் ஆயில் சுவரோடு உரசிப் போகிறது. விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் தடை பல மடங்கு ஏறும். சின்ன ஓட்டையும் இளகின ஆயிலும் போட்டால் கையில் தள்ளும்போது, பெரிய ஓட்டையும் கெட்டி ஆயிலும் போட்ட ஷாக் மாதிரியே தெரியும். ஓட்டத்தில்தான் வித்தியாசம். உயரத்திலிருந்து விழும்போது சின்ன ஓட்டை வழியாக ஆயில் அந்த வேகத்துக்குப் போக முடியாமல் ஷாக் ஒரு கணம் கட்டை மாதிரி நின்றுவிடும். குதிக்கும் மைதானத்துக்கு அது நல்லது, சேஸி தரையில் அறையாது. கரடுமுரடான மண்ணில் அதுவே கெடுதல், டயர் மண்ணைத் தொடாமல் துள்ளும்.

எந்த எண் ஆயில் என்று கேட்டால், 1/10 அளவு பகி என்ற மண்தரை வண்டிக்கு 30 அல்லது 35 வெயிட்டில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். பேட்டரியோடு முழு எடையில் வண்டியை ஓர் அடி உயரத்திலிருந்து தட்டையாக விடுங்கள். இறங்கியதும் ஒரே மூச்சில் அமர்ந்து நிமிர வேண்டும். இரண்டு தரம் ஆடினால் ஆயில் இளகல் அல்லது உள்ளே காற்று. கல் விழுந்த மாதிரி துள்ளினால் ஆயில் கெட்டி. சேஸி பலமாகத் தரையில் அறைந்தால் ஆயிலைத் தொடுமுன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

ஒழுகும்போது எங்கிருந்து என்று பார்க்காமல் நாலு ஓ-ரிங்கையும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது. ஷாக்கைத் துடைத்து, மெல்லிய வெள்ளைத் தாள் சுற்றி, ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மேலே ஈரம் என்றால் மூடியின் மரை கோணலாக ஏறியிருக்கும், அல்லது டயாஃப்ரத்தின் விளிம்பு மடிந்திருக்கும். கீழே ஈரம் என்றால் ராடு, ஓ-ரிங் இரண்டில் ஒன்று. புதிதாக ஊற்றிய ஷாக்கில் முதல் ஓட்டத்தில் மட்டும் கீழே ஒரு துளி வருவது ஒழுகல் அல்ல. ராடில் ஒட்டியிருந்த ஆயில்.

நம் ஊர்ச் செம்மண் புழுதிதான் ஓ-ரிங்குக்குப் பெரிய எதிரி. ஓட்டி முடித்ததும் ராடைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். ஈரத்துணியால் தேய்த்தால் மண் இன்னும் உள்ளேதான் போகும். ராடின் வெளிப்பக்கத்தில் ஆயில் தடவி வைப்பதும் வேண்டாம், புழுதி ஒட்டும். ரப்பர் உறை கிடைத்தால் மாட்டுங்கள். பழைய ஆயிலின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சாம்பல் நிறம் என்றால் அலுமினியத் தேய்மானமும் புழுதியும். பால் வெள்ளை என்றால் ஒன்று காற்றுக் குமிழ், இல்லாவிட்டால் தண்ணீர். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு வைத்தால் காற்று ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும், தண்ணீர் தெளியாது. மழையில் ஓட்டியவர்கள் அன்றே பிரித்துவிடுவது நல்லது. மண்ணில் ஓட்டும் வண்டிக்கு ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒருமுறை ஒரு ஷாக்கைத் திறந்து நிறம் பார்த்தால் போதும். தெளிவாக இருந்தால் மற்ற மூன்றையும் தொட வேண்டாம்.

கழுவ ஸ்பிரிட் உதவாது. சிலிக்கோன் ஆயில் அதில் சரியாகக் கரைவதில்லை. பாத்திரம் விளக்கும் லிக்விடும் வெந்நீரும் போதும். கழுவிய பின் ஒரு நாள் காய விடுங்கள். கார்புரேட்டர் கிளீனரைப் பிளாஸ்டிக் ஷாக்கின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் மேசையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. விரல் நுனியில் சிலிக்கோன் ஆயில் பட்டு, அந்த விரல் லெக்ஸான் பிளாஸ்டிக் பாடியைத் தொட்டால் அந்த இடத்தில் பெயின்ட் பிடிக்காது, வட்ட வட்டமாக விலகி நிற்கும். டைல்ஸ் தரையில் சிந்தினால் உடனே லிக்விட் போட்டுத் துடைத்துவிடுங்கள். அது தானாக உலராது. பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் விடுமுறை ஆஸ்பத்திரியில் போகும்.

கடைசியாக, அந்தக் கட்டுரையோடு வெளியான படத்தில் ஷாக் தலைகீழாக, மூடி கீழேயும் ராடு மேலேயுமாக இருந்தது. அதைத் தப்பென்று சொல்லிக் கடிதங்கள் வரக்கூடும். அது தப்பில்லை. பாறை ஏறும் கிராலர் வண்டிகளில் எடை கீழே இருக்க வேண்டும் என்று அப்படி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். டயாஃப்ரம் ஷாக் எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். எமல்ஷன் ஷாக்கை அப்படி மாட்டினால் காற்று ராடின் பக்கம் ஏறிக்கொள்ளும். வண்டியை எடுத்ததும் சஸ்பென்ஷனை நாலைந்து தரம் கையால் அமுக்கிக் கலக்கிவிட்டு ஓட்ட வேண்டும். மூடியின் ஓ-ரிங் பழையது என்றால், தலைகீழாக மாட்டிய மறுநாள் காலை அலமாரித் தட்டில் எண்ணெய் நிற்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோவை.